வாயைக் கட்டினால் இளைத்துவிடுமா?

"நாக்கை அடக்கத் தெரியாதவர்கள்தான் குண்டாகிறார்கள்." வீட்டுப் பாட்டி சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். இதையே டாக்டர் சொல்கிறார், ஜிம் மாஸ்டர் சொல்கிறார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் இலையில் இரண்டாவது ஜாங்கிரியை வைத்துக்கொண்டு சொல்கிறார். கூடவே ஒரு கணக்கும் வரும்: தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கும், இறங்காவிட்டால் திருட்டுத்தனமாகத் தின்கிறாய் என்று பொருள்.

செலவாவதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் எடை இறங்கும் என்பது பௌதிகம். அதில் எனக்குத் தகராறு இல்லை. வரவும் செலவும் முழுக்க நம் கையில் இருக்கின்றன, இளைக்காதவன் மனம் தளர்ந்தவன் என்று அடுத்த வரியில் ஒரு தீர்ப்பு வருகிறதே, அதில்தான் தகராறு. அந்தத் தீர்ப்புக்கு எதிரான சாட்சியங்கள் எண்பது ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

முதல் சாட்சியம் 1944இல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா பட்டினி கிடந்தது. பட்டினியில் வாடியவர்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். எல்லாரும் மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள். ஊரே கோழை என்று ஏசியபோதும் கொள்கையை விடாதவர்கள். மன உறுதிக்கு ஆள் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைப்பது கடினம்.

முதலில் 12 வாரம் தினமும் ஏறத்தாழ 3,200 கலோரி சாப்பாடு. பிறகு 24 வாரம் அதில் பாதி, அதாவது சுமார் 1,570 கலோரி. கோதுமை ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப் கிழங்கு, கொஞ்சம் மக்ரோனி. நாளுக்கு இரண்டு வேளை. அதோடு வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. இந்த 1,570 என்ற எண்ணைக் கவனியுங்கள். இன்று நம் கிளினிக்குகளில் கையில் கொடுத்து அனுப்பும் டயட் சார்ட்டில் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் எழுதியிருக்கிறது.

24 வாரத்தில் அவர்களின் எடை கால் பங்கு குறைந்தது. எடையோடு வேறு பலவும் மாறின. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போல் விழுந்து விழுந்து படித்தார்கள். தட்டை நக்கினார்கள். வயிற்றுக்குப் பதில் வாய்க்காவது வேலை கொடுக்க, ஒருவர் நாளுக்கு நாற்பது பாக்கெட் சூயிங் கம் மென்றார். வெளியே போன இடத்தில் சிலர் கட்டுப்பாட்டை மீறித் தின்றதால், துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று விதி வந்தது. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துபோயிருந்தது. ஒருவர் கோடரியால் தன் கைவிரல்களை வெட்டிக்கொண்டார்; தவறியா, தெரிந்தேவா என்று பின்னாளில் அவராலேயே சொல்ல முடியவில்லை. தடை நீங்கிச் சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது, வயிறு முட்டத் தின்ற பிறகும் பசி அடங்கவில்லை என்றார்கள். இழந்த கொழுப்பு திரும்பி வந்ததோடு நில்லாமல் பழைய அளவையும் தாண்டியது.

துப்பாக்கிக்குப் பணியாதவர்கள் அவர்கள். பசி அவர்களைப் பணிய வைத்தது.

"அவர்கள் ஏற்கெனவே ஒல்லி, பசித்தது நியாயம். குண்டானவர் உடம்பில்தான் சேமிப்பு இருக்கிறதே" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மெல்போர்னில் அதிக எடை கொண்ட 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2011இல் வெளியாயின. சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது, போதும் என்று சொல்லும் ஹார்மோன்கள் இறங்கின. ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் அவை பழைய நிலைக்கு வரவில்லை. எடை குறைக்கும் முன்பு இருந்ததைவிடப் பசி அதிகமாகவே இருந்தது. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் அசுரத்தனமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு பரிசோதித்தது. இழந்ததில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனால் அவர்கள் உடல் ஓய்வில் எரிக்கும் அளவு, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றது. சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை உடம்பு பொருட்படுத்தவில்லை. அது குறைகிறது என்பதுதான் அதற்குக் கலவரம்.

அந்த 500 கலோரிக் கணக்கு பொய்ப்பதும் இதனால்தான். 1958இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் போட்ட எளிய கணக்கு அது. எடை இறங்க இறங்க உடம்பு தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும் என்பதற்கு அதில் இடமே இல்லை. வருமானம் குறைந்த வீடு பழையபடியே செலவழித்துக்கொண்டிருக்குமா?

எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் என்பதும் நிற்காது. கனடாவின் கியூபெக்கில் கிளோட் பூஷார் 12 ஜோடி ஒரே கரு இரட்டையர்களைத் தங்கவைத்து, வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாக, மொத்தம் 84 நாள் ஊட்டினார். 1990இல் வந்த முடிவு: ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. கூடுதலாகத் தின்றது எல்லாரும் ஒரே அளவு. ஒரு ஜோடிக்குள் இருவருக்கும் ஏறியது கிட்டத்தட்ட ஒத்துப்போனது. ஜோடிக்கு ஜோடிதான் பெரிய வித்தியாசம். "எவ்வளவு தின்றாலும் என் உடம்பில் ஒட்டாது" என்று பெருமையடிக்கும் நண்பர் பொய் சொல்லவில்லை. அது அவருடைய சாதனையும் இல்லை.

"வளர்த்த வளர்ப்பு அப்படி" என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் ஊரில் சர்வசாதாரணம். டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 540 பெரியவர்களை ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1986இல் ஆராய்ந்தார். அவர்களின் பருமன் பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறூட்டி வளர்த்தவர்களோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

"ஹார்மோன் என்பதெல்லாம் சாக்கு" என்பவர்களுக்கு ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு, கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் ஒரு செய்தியைக் கண்டுபிடித்தது. அதற்கு லெப்டின் என்று பெயர். மூன்று ஆண்டு கழித்து, கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓராஹிலியும் சதஃப் ஃபரூக்கியும் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில், லெப்டின் சுரக்கவே சுரக்காத இரண்டு குழந்தைகளைக் கண்டறிந்தார்கள். மூத்தவள் 9 வயதில் 94 கிலோ இருந்தாள். தீராத பசி. கண்டித்தாலும் கெஞ்சினாலும் அடங்காத அந்தப் பசி, தினசரி லெப்டின் ஊசியில் அடங்கியது. ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். அந்த ஊசியில் ஒழுக்கமும் வைராக்கியமுமா அடைத்திருந்தார்கள்?

இதை வைத்து எல்லாரும் லெப்டின் குறைபாட்டுக்காரர்கள் என்று சொன்னால் அது என் பக்கத்துப் பொய்யாகிவிடும். அந்தக் குறைபாடு மிக மிக அரிது. அதிக எடை கொண்ட பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே சுரக்கிறது. அவர்களுக்கு அந்த ஊசி பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால் பசி என்பது ரத்தத்தில் ஓடும் செய்திக்கு மூளை தரும் பதில் என்பது அந்தச் சிறுமியால் நிரூபணமாயிற்று.

உடற்பயிற்சிக்கு நிறைய வார்த்தை வேண்டியதில்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, கட்டாயம் நடங்கள். ஆனால் நாளெல்லாம் காட்டில் அலையும் தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடியினர், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், மேற்கத்திய நகரவாசிகள் அளவுக்கே நாளுக்குக் கலோரி எரிக்கிறார்கள் என்று 2012இல் ஹெர்மன் பான்ட்சர் அளந்து காட்டினார். நடையால் மட்டும் இளைத்தவர்கள் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். "எங்கள் தாத்தா காலத்தில் இத்தனை குண்டர்கள் இல்லை. இரண்டு தலைமுறையில் மரபணு மாறிவிட்டதா?" மாறவில்லை, உண்மை. ஆனால் மன உறுதி மட்டும் இரண்டு தலைமுறையில் கரைந்துபோயிற்றா? அதுவும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில்? மாறியது தட்டில் இருப்பது. இதே கெவின் ஹால் 2019இல் 20 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் தயாராகிப் பாக்கெட்டில் வரும் வகை உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு. முன்னால் வைக்கப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் வகை வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்று 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். ருசி எப்படி என்று கேட்டதற்கு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் போட்டார்கள். ஆக, நாக்கின் மேல் பழி போடவும் வழியில்லை.

எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் வந்த பிறகு இந்த வழக்கில் இழுக்க எதுவும் மிச்சமில்லை. அவற்றில் ஒன்றான செமாக்ளூடைட்டின் சோதனையில் 1,961 பேர் இருந்தார்கள். மருந்து பெற்றவர்கள், மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்கள் என இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை சமமாகவே தரப்பட்டது. 68 வாரம் கழித்து, வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 2.4 சதவீத எடை குறைந்தது. மருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு 14.9 சதவீதம். "வாயைக் கட்டு, நட" என்ற அறிவுரையின் தனி விலை அந்த 2.4. மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான்; அங்கே யாரும் நோயாளியின் குணத்தைக் குறை சொல்வதில்லை.

எடை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதிலும் நம்மவர்களுக்கு ஒல்லியான தோற்றத்துக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும். புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யுட்கினும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீட்டில் அச்சாகச் சமம், இருவருக்கும் 22.3. உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஆளைப் பார்த்துக் கட்டுப்பாட்டை எடைபோடுகிறவர் இந்த இருவரில் யாரைக் கண்டிப்பார்?

டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 1,200 கலோரி என்று எழுதிக் கொடுக்கும் முன், எதிரே இருப்பவர் என்னென்ன மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். இன்சுலின், ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள், சில மனநல மருந்துகள் எல்லாம் எடையை ஏற்றும். தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, வீட்டில் யாருக்கு இந்த உடல்வாகு, இதற்கு முன் எத்தனை முறை இளைத்துத் திரும்ப ஏறியது என்று கேளுங்கள். அவர் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று சொல்கிறாரோ, அதை முதலில் நம்புங்கள்.