வன்னிப் பெண்களின் பாலியல் சுகாதாரம்

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும், பாலுறவால் பரவும் சிபிலிஸ் நோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தமை, கர்ப்பிணிகளை வீடுதேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்புக்குக் கிடைத்த பெரும் மதிப்பாகும். ஆயினும் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் அந்த அக்கறை, 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் முன்னறிகுறிகளைக் காட்டும் பாப் பரிசோதனை சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே செய்யப்படினும், வன்னியின் துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ கூலிவேலை செய்பவர் ஒருநாள் சம்பளத்தை இழந்து, பஸ்ஸேறி, ஊரார் பேச்சுக்கும் அஞ்சியே அங்கு செல்ல நேர்கிறது. தவிர்க்கக்கூடியதாயிருந்தும் தவிர்க்கப்படாத இத்தகைய வேறுபாட்டையே பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் சுகாதார அநீதி என்கின்றனர். வடமாகாண சுகாதாரத் திணைக்களம் நடமாடும் சிகிச்சை நிலையங்களைக் கிராமங்களில், வேலை முடியும் மாலை வேளைகளில், அந்தரங்கம் பேணி நடத்த வேண்டும்.