காரீயம் போனது, வெள்ளீயம் எங்கிருந்து வந்தது?

ஈயம் என்றால் என்ன என்பது வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள். ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்கள்.

அந்த ஈயம், வெள்ளீயம்.

இன்னொரு ஈயம் உண்டு. அதன் பெயர் காரீயம். அது விஷம். உடம்புக்குள் போனால் ரத்தத்தில் கலந்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இந்த இரண்டு ஈயத்தையும் தொட்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று ஐரோப்பாவில், மற்றொன்று அமெரிக்காவில். ரேடியோ, டெலிவிஷன், கம்ப்யூட்டர், செல்போன் ஆகியவற்றுக்கு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை எந்த ஊரில் இருந்தாலும், அந்த நாடுகளில் சரக்கு விற்க வேண்டுமானால் இந்த இரண்டு சட்டங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் சட்டம் பெரும்பாலும் ஜெயித்துவிட்டது. இரண்டாவது சட்டம் இன்னும் தடுமாறுகிறது.

ஏன்?

ஒரு துளி ஈயம்

ரேடியோ ரிப்பேர் கடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் சூடான கோலை எடுப்பார். கம்பி போல் இருக்கும் ஈயத்தை அதில் தொடுவார். லேசாகப் புகை வரும். உருகிய ஈயம் ஒரு துளி விழும். அந்தத் துளிதான் உறுப்பையும் போர்டையும் சேர்த்துப் பிடித்துக் கொள்கிறது. செல்போனுக்குள் இப்படிப்பட்ட துளிகள் ஏராளமாக இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை.

பழைய காலத்தில் இந்தப் பற்றவைக்கும் ஈயம் ஒரு கலவை. 100 பங்கில் 63 பங்கு வெள்ளீயம். 37 பங்கு காரீயம். 183 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். விலையும் மலிவு. தொழிற்சாலைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த சரக்கு.

சாமான் வேலை செய்யும் வரையில் கவலை இல்லை. குப்பைக்குப் போன பிறகுதான் கஷ்டம். டெல்லியில் சீலம்பூர் என்று ஓர் இடம் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களும் செல்போன்களும் அங்கே மலையாகக் குவிகின்றன. அவற்றை உடைத்து, சுட்டு, செம்பையும் தங்கத்தையும் பிரித்தெடுத்துப் பிழைக்கிறார்கள் ஏழை ஜனங்கள். காரீயம் அவர்கள் மூச்சோடு போகிறது. மண்ணிலும் தண்ணீரிலும் இறங்குகிறது.

ஐரோப்பாவின் உத்தரவு

ஐரோப்பிய நாடுகள் கூடி 2003-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு சட்டம் செய்தன. 2006-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. காரீயம், பாதரசம், காட்மியம் முதலிய ஆறு விஷப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு. ஒவ்வோர் உறுப்பிலும் உள்ள ஒவ்வொரு பொருளிலும், ஆயிரம் பங்கில் ஒரு பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. காட்மியம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது.

கம்பெனிகள் இதை விளையாட்டாக நினைக்கவில்லை. காரணம், ஏற்கனவே ஒரு சம்பவம் நடந்திருந்தது. 2001-ம் ஆண்டு, கிறிஸ்துமஸ் விற்பனை நெருங்கும் நேரம். ஜப்பானைச் சேர்ந்த சோனி கம்பெனியின் விளையாட்டுப் பெட்டிகள், ஹாலந்து நாட்டில் தடுத்து நிறுத்தப்பட்டன. கம்பி மேல் இருந்த உறையில் காட்மியம் அதிகம் என்று கண்டார்கள். ஹாலந்தில் அதற்குத் தனிச் சட்டம் இருந்தது. நின்று போனவை 13 லட்சம் பெட்டிகள்! எங்கோ ஒரு கம்பி செய்தவர் செய்த காரியம், உலகப் புகழ் பெற்ற கம்பெனியின் பண்டிகை வியாபாரத்தையே கவிழ்த்துவிட்டது.

இந்தியாவிலும் இதே காரீயக் கட்டுப்பாடு 2014-ம் ஆண்டு மே 1-ந் தேதி முதல் வந்தது.

இந்தச் சட்டம் ஜெயித்ததற்குக் காரணம் மிக எளிது. விஷம் சாமானுக்குள்ளேயே இருக்கிறது. கையில் பிடிக்கும் எக்ஸ்-ரே கருவி இருக்கிறது. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். போர்டின் மேல் வைத்து அழுத்தினால் போதும். காரீயம் இருக்கிறதா என்று கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடும். கருவிக்கு லஞ்சம் கொடுக்க முடியாது.

சட்டத்தில் சில விலக்குகள் உண்டு என்பதும் உண்மை. ராணுவத் தளவாடங்களுக்குச் சட்டம் பொருந்தாது. காரீயம் கலக்காத வெள்ளீயத்தில் சில சமயம் முடி போல் மெல்லிய இழைகள் முளைக்கும். அதற்கு 'ஈய மீசை' என்றே பெயர்! மீசை வளர்ந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டால் கருவி கெட்டுப் போகும்.

கிராக்கி பிறந்தது

காரீயம் போனது. அந்த இடத்தை யார் பிடித்தது? வெள்ளீயம்தான்.

இப்போது பரவலாக உள்ள கலவையில் 100 பங்குக்கு வெள்ளீயம் மட்டும் 96½ பங்கு. மிச்சம் வெள்ளியும் செம்பும். உலகத்தில் கிடைக்கும் வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி இந்தப் பற்றவைக்கும் வேலைக்கே போகிறது.

வெள்ளீயம் எங்கே கிடைக்கிறது? சீனா, இந்தோனேசியா, பர்மா, பெரு ஆகிய நாடுகளில் அதிகம். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டிலும் கிடைக்கிறது.

அங்கேதான் இரண்டாவது சட்டத்தின் கதை தொடங்குகிறது.

பிசியே மலை

காங்கோவின் கிழக்கே வட கிவு மாகாணம். அடர்ந்த காட்டுக்குள் பிசியே என்று ஒரு மலை. 2002-ம் ஆண்டு வாக்கில் அங்கே கறுத்துக் கனத்த ஒரு கல் கிடைத்தது. அதை உருக்கினால் வெள்ளீயம்.

ஆயிரக்கணக்கான பேர் ஓடி வந்தார்கள். கடப்பாரையும் சுத்தியலும்தான் ஆயுதம். மலையைக் குடைந்து குகைக்குள் இறங்கினார்கள். தோண்டிய கல்லை 50 கிலோ மூட்டையாகக் கட்டி, காட்டு வழியே கால்நடையாகச் சுமந்தார்கள். சாலை வந்ததும், தார் ரோட்டையே ஓடுதளமாக வைத்துச் சிறிய விமானங்கள் இறங்கின! மூட்டைகளை ஏற்றிக் கொண்டு கோமா நகருக்குப் பறந்தன.

மலையை யார் காவல் காத்தார்கள்? நாட்டின் ராணுவத்தைச் சேர்ந்த ஒரு படைப் பிரிவே அங்கே உட்கார்ந்து கொண்டது. தோண்டுகிறவரிடம் வரி, சுமக்கிறவரிடம் வரி. மற்றச் சுரங்கங்களில் கலகக்காரர்கள் இதையே செய்தார்கள். அந்தப் பணத்தில் துப்பாக்கி வாங்கினார்கள். துப்பாக்கியை வைத்து இன்னும் பணம் பறித்தார்கள். கிராமங்கள் எரிந்தன. பெண்கள் பட்ட கொடுமை சொல்லி முடியாது. அவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் டெனிஸ் முக்வெகேவுக்கு 2018-ம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்கா கேட்ட கேள்வி

2010-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி ஜனாதிபதி ஒபாமா ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அது பாங்குகளைப் பற்றிய சட்டம். அதற்குள் 1502 என்று ஒரு பிரிவு.

வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கில் ஒன்று உங்கள் சாமானில் இருக்கிறதா? இருந்தால், அது காங்கோவிலிருந்தோ சுற்றியுள்ள ஒன்பது நாடுகளிலிருந்தோ வந்ததா என்று விசாரியுங்கள். வந்திருந்தால், ஆயுதக் கும்பலுக்குப் பணம் போயிற்றா என்று பார்த்து அறிக்கை கொடுங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கு இதுதான் உத்தரவு.

காங்கோ சரக்கை வாங்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் நடந்தது என்ன?

அடுப்பு அணைந்தது

2010 செப்டம்பரில் காங்கோ ஜனாதிபதி கபிலா கிழக்கு மாகாணங்களில் சுரங்க வேலையையே நிறுத்தினார். ஆறு மாதம் தடை. 2011 மார்ச்சில் தடையை நீக்கினார். ஆனால் வாங்க ஆள் வரவில்லை!

கம்பெனிகள் கணக்குப் போட்டன. காங்கோவில் வாங்கினால் விசாரணை, கணக்கு, கெட்ட பெயர். பெருவிலோ இந்தோனேசியாவிலோ வாங்கினால் தலைவலி இல்லை. எந்த வியாபாரியும் இதைத்தான் செய்வான்.

துப்பாக்கிக்காரன் பட்டினி கிடக்கவில்லை. அவன் தங்கச் சுரங்கத்துக்குப் போனான். ஒரு பிடி தங்கத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து எல்லை தாண்டிவிடலாம். அல்லது ஊருக்குள் புகுந்து கொள்ளையடித்தான். வேலை போனது கடப்பாரை பிடித்தவனுக்கு. தடைக்கு உள்ளான சுரங்க ஊர்களில் பச்சைக் குழந்தைகளின் சாவு அதிகமாயிற்று என்று 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கண்டது. தாய்க்கும் சேய்க்கும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் காசு குறைந்தது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

மூட்டைக்கு ஒரு சீட்டு

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆயுதக் கும்பல் இல்லாத சுரங்கத்தில், தோண்டிய மூட்டைக்கு நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீட்டைக் கட்டுவது. வியாபாரியிடம் போகும்போது இன்னொரு சீட்டு. அந்த நம்பர் இருந்தால்தான் உருக்காலையில் ஏற்பார்கள்.

உருக்காலைதான் முக்கியமான இடம். பத்து வீட்டுப் பாலை ஒரே அண்டாவில் ஊற்றிக் காய்ச்சிய பிறகு, எது எந்த மாட்டின் பால் என்று சொல்ல முடியுமா? உருகிய ஈயமும் அப்படித்தான். எக்ஸ்-ரே கருவி இங்கே உதவாது. காங்கோ ஈயமும் பெரு ஈயமும் போர்டின் மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். யாரைக் கேட்பது? செல்போன் கம்பெனி போர்டு செய்தவரைக் கேட்கிறது. அவர் உறுப்பு செய்தவரைக் கேட்கிறார். அவர் ஈயம் விற்றவரைக் கேட்கிறார். கடைசியில் எல்லாம் காட்டில் சீட்டுக் கட்டியவனின் நாணயத்தில் போய் முடிகிறது.

சீட்டால் நன்மை இல்லாமல் இல்லை. வெள்ளீயச் சுரங்கங்கள் பலவற்றிலிருந்து ஆயுதக் கும்பல்கள் விலகின. ஆனால் சீட்டுகள் கள்ளத்தனமாகக் கைமாறுகின்றன என்று ஐ.நா. நிபுணர்கள் பலமுறை எழுதினார்கள். சீட்டுத் திட்டத்துக்கு ஆகும் செலவு தோண்டுகிறவன் கூலியிலேதான் குறைகிறது என்ற புகாரும் உண்டு. விதி போட்டவர்கள் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

2014-ம் ஆண்டு முதல் அறிக்கைகள் வந்தன. சுமார் 1,300 கம்பெனிகள் எழுதிக் கொடுத்தன. அமெரிக்கச் சர்க்காரின் தணிக்கை அலுவலகம் அவற்றில் மாதிரி எடுத்துப் பார்த்தது. 100-க்கு 67 கம்பெனிகளுக்குத் தங்கள் உலோகம் அந்த நாடுகளிலிருந்து வந்ததா என்றே சொல்ல முடியவில்லை. ஆயுதக் கும்பலுக்குப் பணம் போயிற்றா என்பதை ஒரு கம்பெனியாலும் சொல்ல முடியவில்லை!

ருபாயா

ஐரோப்பாவும் 2021 ஜனவரி 1 முதல் இது போன்ற சட்டத்தை நடத்துகிறது. தாதுவையும் உலோகத்தையும் இறக்குமதி செய்கிறவர்களை அது பிடிக்கிறது. முழுசாகச் செய்த செல்போனை இறக்குகிறவரை அது கேட்பதில்லை. இது பெரிய ஓட்டை.

2024 ஏப்ரலில் வட கிவுவில் உள்ள ருபாயா சுரங்கம் எம்-23 கலகக்காரர்கள் கைக்குப் போயிற்று. அங்கே கிடைப்பது கோல்டான். அதிலிருந்து எடுக்கும் டான்டலம், மின்சாரத்தைச் சேமித்து விடும் அரிசி மணி போன்ற உறுப்புகளுக்குத் தேவை. கலகக்காரர்கள் அங்கே மாதம் 8 லட்சம் டாலர் வரி வசூலித்தார்கள் என்று ஐ.நா. நிபுணர்கள் கணக்கிட்டார்கள். சரக்கு பக்கத்து நாடான ருவாண்டாவுக்குக் கடத்தப்பட்டு, அந்த நாட்டுச் சரக்கோடு கலந்தது என்றும் சொன்னார்கள். கலகக்காரர்களுக்கு உதவவில்லை என்கிறது ருவாண்டா.

அதே 2024-ல் தணிக்கை அலுவலகம் மறுபடி ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க விதியால் காங்கோவில் அமைதி கூடவில்லை என்று அதில் எழுதியிருந்தது.

பிசியே மலை என்ன ஆயிற்று? 2019-ல் அங்கே ஒரு கம்பெனியின் இயந்திரச் சுரங்கம் வேலையைத் தொடங்கியது. கணக்கு எல்லாம் ஒழுங்கு. உலகக் கம்பெனிகள் கூசாமல் வாங்கலாம். ஆனால் கையால் தோண்டிய காலத்தில் இருந்த அத்தனை ஆளும் இயந்திரத்துக்குத் தேவையில்லை. 2025 மார்ச்சில் எம்-23 படை நெருங்கி வந்தபோது அந்தச் சுரங்கமும் நின்றது, ஊழியர்களை வெளியேற்றினார்கள். படை பின்வாங்கிய பிறகு, ஏப்ரலில் மறுபடி கல் உடைக்கத் தொடங்கினார்கள்.