தீர்க்கதரிசனம் என்னும் தப்பித்தல்

செய்தித் தொலைக்காட்சிகளின் கூச்சல் எல்லை மீறும்போதெல்லாம் ‘நெட்வொர்க்’ திரைப்படத்தின் காட்சித்துணுக்கு ஒன்று நம் பக்கங்களில் வலம்வரத் தொடங்கிவிடுகிறது. ‘1976இலேயே சொல்லிவிட்டார்கள்’ என்ற ஒற்றை வரி அதன் தலைமேல் அமர்ந்திருக்கும். ஆய்வுக் கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல. அங்கே அடிக்குறிப்புகள் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. இந்தப் பாராட்டு பிழையானது என்பது என் வாதம். பிழையானது மட்டுமன்று, நமக்கு மிகவும் வசதியானதும்கூட.

கதைக்குள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கற்பனை செய்யும் கலைஞர் உண்மையில் இரண்டைப் படைக்கிறார். ஒன்று, அந்நிகழ்ச்சி. மற்றொன்று, அதனைக் கண்டு களிக்கும் கூட்டம். நாம் முன்னதை வியக்கிறோம். பின்னதைப் பார்க்க மறுக்கிறோம். காரணம் எளிது: பின்னதில் இருப்பது நம் முகம்.

‘நெட்வொர்க்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். வேலை பறிபோகும் நிலையிலுள்ள செய்தி வாசிப்பாளர் ஹோவர்ட் பீல், நேரலையில் தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அறிவிக்கிறார். பார்வையாளர் எண்ணிக்கை உயர்கிறது. நிறுவனம் அவருடைய சினத்தையே நிகழ்ச்சியாக்கி விற்கிறது. எண்ணிக்கை சரிந்ததும், படப்பிடிப்பு அரங்கிலேயே அவரைச் சுட்டுக்கொல்ல ஏற்பாடு செய்கிறது. நிறுவனத்தின் குரூரத்தைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆயின், அவர் சொன்னவுடன் சன்னலைத் திறந்து தம் ஆத்திரத்தைக் கத்தித் தீர்த்தவர்கள் யார்? அவர் அலுத்துப்போனதும் விலகிச் சென்றவர்கள் யார்? அந்த எண்ணிக்கை வானத்திலிருந்து விழவில்லை.

‘எல்லாவற்றுக்கும் டிஆர்பியே காரணம்’ என்போருக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். மதிப்பீட்டு முறைகேடு குறித்த புகாரை அடுத்து 2020 அக்டோபரில் பார்க் அமைப்பு, செய்தி அலைவரிசைகளின் வாராந்திர மதிப்பீட்டை நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் அது மீண்டும் வெளிவரத் தொடங்கியது. ஏறத்தாழ 17 மாதங்கள் அந்த எண் இல்லை. அக்காலத்தில் விவாத மேடைகள் அமைதியடைந்ததாக உங்களில் எவருக்கேனும் நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. எண் போயிற்று; பழக்கம் போகவில்லை, அவர்களிடமும் நம்மிடமும்.

1970இல் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பான ‘தாஸ் மில்லியோனென்ஷ்பீல்’ என்னும் தொலைக்காட்சிப் படம் இதற்கு இன்னும் கூரிய சான்று. ராபர்ட் ஷெக்லி 1958இல் எழுதிய சிறுகதையைத் தழுவியது அது. போட்டியாளன் ஒருவன் கொலையாளிகளிடமிருந்து ஏழு நாள் உயிர்தப்ப வேண்டும். தப்பினால் பத்து லட்சம் மார்க் பரிசு. உண்மையிலேயே தொகுப்பாளராக அறியப்பட்ட ஒருவரே அதில் தொகுப்பாளராகத் தோன்றினார். இடையிடையே போலி விளம்பரங்களும் வந்தன. இது உண்மை நிகழ்ச்சியே என்று நம்பியவர்கள் இருந்தனர். சினந்து தொலைபேசியில் அழைத்தவர்கள் ஒருபுறம். மறுபுறம், அடுத்த சுற்றில் தாங்களும் போட்டியிட விரும்புவதாகத் தெரிவித்தவர்கள்! எதிர்காலத்தைப் பற்றிய எச்சரிக்கை என்று நாம் வகைப்படுத்தும் படைப்புக்கு, ஒளிபரப்பான அக்காலத்திலேயே விண்ணப்பங்கள் வந்துவிட்டன. எனில் அது எதனை முன்னறிவித்தது? முன்னமே நம்முள் இருந்ததைத்தான் அது காட்டியது.

ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலில், தப்பியோடும் மோன்டாகைத் துரத்தும் காட்சி வீடுதோறும் நேரலையாகிறது. அவன் ஆற்றில் இறங்கித் தப்பிவிடுகிறான். ஆனால் நிகழ்ச்சி முடிவின்றி நிற்கலாகாதே. தெருவில் தனியே நடந்துபோகும் ஒருவனைப் பிடித்து, அவனே மோன்டாக் என்று காட்டிக் கொன்று, கதையை முடித்துவைக்கிறார்கள். பார்ப்பவரின் பொறுமை தீர்வதற்குள் எவனாவது சாக வேண்டியிருக்கிறது. அந்நாவலில் நூல்களுக்கு எதிரான வெறுப்பு முதலில் அரசிடமிருந்து வரவில்லை, மக்களிடமிருந்தே வந்தது என்று தீயணைப்புத் தலைவன் விளக்கும் பகுதியை நாம் மேற்கோள் காட்டுவது அரிது.

நம் நாட்டுக்கு வருவோம். ‘முதல்வன்’ (1999) படத்தின் நேர்காணலை நாம் மறக்கவில்லை. கேமராவின்முன் அதிகாரம் வியர்க்கிறது, உண்மை வெல்கிறது. மக்களுக்கு அங்கே பார்ப்பதும் கைதட்டுவதும் போதுமானது. அனுஷா ரிஸ்வியின் ‘பீப்லி லைவ்’ (2010) அந்த ஆறுதலைத் தரவில்லை. கடனில் நிலத்தை இழக்கவிருக்கும் நத்தா, இழப்பீட்டுக்காகச் சாகப் போகிறான் என்ற செய்தி கசிகிறது. அலைவரிசைகள் சிற்றூரில் கூடாரமடிக்கின்றன. அவன் கழித்த மலம்கூடச் செய்தியாகிறது. அதே ஊரில் ஹோரி மஹதோ என்னும் முதியவர் நாள்தோறும் மண்ணை வெட்டி விற்றுப் பிழைக்கிறார். ஒருநாள் தான் வெட்டிய குழியிலேயே இறந்துகிடக்கிறார். எந்தக் கேமராவும் அங்கே திரும்பவில்லை. பிரேம்சந்தின் ‘கோதான்’ நாவலில் உழைத்தே மடியும் உழவனுக்கும் அதே பெயர் என்பது தற்செயலன்று. உள்ளூர்ச் செய்தியாளன் மட்டுமே ஹோரியின் சாவைக் கண்டு கலங்குகிறான்; செய்தி நத்தாதான் என்ற பதிலே அவனுக்குக் கிடைக்கிறது.

‘பார்வையாளரைக் குற்றம் சாட்டினால் முதலாளிகள் தப்பிவிடுவார்களே’ என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உரிமையாளர் யார், விளம்பரம் தருபவர் யார், அரசுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு என்னும் கேள்விகளை நான் கைவிடச் சொல்லவில்லை. ஆனால், ‘தீர்க்கதரிசனம்’ என்ற சொல்தான் அவர்களைத் தப்பவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். முன்னமே விதிக்கப்பட்டது எனில், செய்தவர் எவருமில்லை. தடுத்திருக்கக் கூடியவரும் எவருமில்லை. அரசியலை ஊழாக மாற்றிவிடும் சொல் அது. நையாண்டியைச் சோதிடமாக வாசிப்பது ஆய்வன்று.

நானும் அந்தக் காட்சித்துணுக்கைப் பகிர்ந்தவன்தான். அடுத்த முறை பகிரும்முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன், நீங்களும் கேட்டுப்பாருங்கள். அந்தக் கதைக்குள் நான் எங்கே இருக்கிறேன்? மேடையில் முழங்குபவனாகவா, சன்னலில் கத்திவிட்டுத் திரும்புபவனாகவா? ஹோரி மஹதோ குழிக்குள் இறங்கிய நாளில், என் திரையில் எது ஓடிக்கொண்டிருந்தது?