ஒரு கசிவும் மூன்று துறைமுகங்களும்

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் டெப்போவில் ரயிலேறும் பெட்டிக்குச் சென்னை போய்ச் சேரும்வரை கடல்காற்று படாது. ஆனாலும் கப்பலில் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் அது உட்காரும் என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. உள்ளே இருப்பது என்ன என்று எழுதிக் கொடுப்பவர் இங்கே இருக்கிறார். 2016 ஜூலை முதல் கட்டாயமான எடைச் சான்றும் பெட்டி கப்பலேறுமுன் போயாக வேண்டும்.

அதனால் பெங்களூரில் உட்கார்ந்து கடல்சார் மேலாண்மையில் முதுநிலை படிப்பதைக் கேலி செய்ய எதுவுமில்லை. கேள்வி, என்ன படிக்கிறார்கள் என்பதுதான். அண்மையில் ஒரு வாரக்கடைசி வகுப்பில் பேசப் போயிருந்தேன். பெரும்பாலோர் பகலில் கப்பல் ஆவணங்களைக் கையாள்பவர்கள். ஆபத்தான சரக்குகளின் ஒன்பது வகைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். "நடுக்கடலில் அமிலப் பெட்டி ஒன்று கசிகிறது, முதலில் என்ன செய்வீர்கள்?" என்றேன். அமைதி. பின்வரிசைப் பெண் ஒருவர், "மேனேஜருக்கு மெயில் போடுவேன் சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் கசிந்தது நைட்ரிக் அமிலம். கப்பலுக்கு வயது சில மாதங்கள்தான்; ஏற்றியிருந்தது 1,486 பெட்டிகள். கசியும் பெட்டியை இறக்கிக்கொள்ளும்படி கத்தாரின் ஹமாத் துறைமுகத்தைக் கேட்டார்கள், பிறகு குஜராத்தின் ஹசீராவை. அதைக் கையாளும் வசதியும் ஆட்களும் உடனடியாக இல்லை என்று இரண்டு இடத்திலும் மறுத்துவிட்டதாகக் கப்பல் தரப்பு சொன்னது. கசிவோடே கொழும்புக்கு வந்தது. மே 20-இல் தீ. ஜூன் 2-இல், ஆழ்கடலுக்கு இழுத்துப் போகும்போதே பின்பகுதி தரைதட்டியது. நீர்கொழும்புக் கரையில் மீனவர்கள் மீனுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குருணையை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இதில் தொழில்நுட்பம் தெரியாதவர் யாருமில்லை. ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் விதிப்படியே நடந்ததாகவும் சொல்லலாம். ஆபத்திலிருக்கும் கப்பலுக்குப் புகலிடம் தருவது பற்றி சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-லேயே வழிகாட்டுதல் வகுத்திருக்கிறது; அது யாரையும் கட்டுப்படுத்தாது. கேப்டன், ஏஜென்ட், துறைமுகம், காப்பீட்டாளர், சரக்குக்காரர் ஆகிய ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசவேண்டிய அந்த இரண்டு மணி நேரத்தை எந்தப் பாடத்தாளில் சொல்லிக்கொடுக்கிறோம்?

சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008 முதல் இருக்கிறது. ஸ்வீடனின் மால்மோவில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 1983 முதல். மால்மோ மாணவர்களைத் துறைமுகங்களுக்கே கூட்டிப்போகிறார்கள். பெங்களூர்க்காரருக்குச் சென்னை ஓர் இராத்திரிப் பயணம். ஒரு முறையாவது துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஷிப்ட் உட்காராமல் பட்டம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. எக்செல் அப்புறம் வரட்டும்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்தார். "சார், ஹசீராவில முடியாதுன்னு சொன்னவங்களுக்கு, அந்தக் கசிவு எவ்வளவுன்னு யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பாங்களா?"

அதையே புராஜெக்டாக எடுக்கச் சொன்னேன்.