பாலைவனம் வேண்டும், சொல் வேண்டாமா?

பாலைக் கோளொன்றின் மக்கள் அயலான் ஒருவனைத் தம் மீட்பனாக நம்பும் கதை, ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் வெளியிட்ட ‘டியூன்’ நாவல். அதைப் படமாக்கிய இயக்குநர் டெனி வில்னவ்வைப் புகழாதார் இல்லை. புகழட்டும். ஆனால், நாவலெங்கும் ஒலிக்கும் ‘ஜிஹாத்’ என்னும் சொல் அவருடைய 2021, 2024 படங்களில் ஓரிடத்தும் இல்லையே, ஏன்? ‘புனிதப் போர்’ என்று மாற்றிவிட்டார்கள். நம் மனம் புண்படலாகாதே என்ற கரிசனம் என்று பரிந்து பேசுவோர் உளர்.

நாம் அதை ஏற்பதற்கில்லை. ‘மஹ்தி’ நீக்கப்படவில்லை, ‘லிஸானுல் கைப்’ நீக்கப்படவில்லை. கூட்டம் வெறியேறி ஆர்ப்பரிக்கும் காட்சிகளில் அவை தாராளமாகவே முழங்குகின்றன. படம்பிடிக்க ஜோர்தானின் வாதி ரம் மணலும் வேண்டியிருந்தது. நம் அகராதியில் ஒரு சொல்லுக்கு மட்டும் இந்தக் கரிசனமா? ஹெர்பர்ட்டும் அதைப் பேரழிவுப் பொருளில்தான் ஆண்டார். அதுவும் நமக்கு உடன்பாடன்று. எனினும் அவர் அச்சொல்லை ஒளிக்கவில்லை. ஒளித்தவரோ, அதற்குச் செய்தித்தாள்கள் கற்பித்த பொருளே பொருள் என்று ஒப்புக்கொண்டவராகிறார்.

இயக்குநருக்குத் துணிவில்லை என்றும் கூறமுடியாது. நாவலில் பவுலை விட்டுப் பிரியாத சானியை, 2024 படத்தில் அவன் அரியணை வேட்கையை வெறுத்து வெளியேறுபவளாக மாற்றியவர் அவரே. மாவீரர்களை நம்பாதீர் என்ற ஹெர்பர்ட்டின் எச்சரிக்கை அம்மாற்றத்தால்தான் திரையில் துலங்கிற்று, மனமாரப் பாராட்டுகிறோம். அந்தத் துணிவு ஒற்றைச் சொல்லின் முன் எங்கே போயிற்று?