கெட்டி எண்ணெய் வைத்தியம்

“மினியாக் ஈத்தாமைக் கெட்டியா மாத்துங்க, சத்தம் ஓடிப்போயிடும்.” கமுந்திங்கில் பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. காப்பிக்கடையில் சொல்வார்கள், செம்பனைக் குலை நிறுக்கும் இடத்தில் சொல்வார்கள், சில பட்டறைகளிலேயே சொல்வார்கள்.

என் மாமா கேட்டார். அவருடையது இசுசு டி.எஃப்.ஆர், 2.5 லிட்டர் 4ஜேஏ1 இன்ஜின். முடுக்கிவிட்டுக் காலை எடுத்தால் அடியிலிருந்து கனத்த தட்டல். 15டபிள்யூ-40-ஐ வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினார், கூடவே ஒரு போத்தல் ‘மருந்து’. மறுநாள் சத்தம் பாதியாகக் குறைந்தது. “பாத்தியா மருமவனே?” என்றார். மூன்று வாரம் கழித்து, குவாலா கங்சார் போகிற வழியில், புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. சம்பைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் ஓட்டின் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் பல்லிளிக்கிறது. கிராங்க்கில் நகத்தை ஓட்டினால் நகம் சிக்குகிறது.

சத்தம் ஏன் குறைந்தது? கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தேயத் தேய அது அகலும், உலோகம் உலோகத்தை அடிக்கும். கெட்டி எண்ணெய் அந்த அகலத்தில் மெத்தை போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். அடி மெதுவாக விழுமே தவிர, தேய்ந்தது வளராது. ஆகவே நான் ஊரோடு முரண்பட்டே சொல்கிறேன்: கெட்டி எண்ணெய்க்குக் கனத்த தட்டல் அடங்கினால் சந்தோஷப்படாதீர்கள், அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். பெரும்பாலும் நோய் அடியில்தான் இருக்கிறது. வடித்த எண்ணெயை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்து, அது காந்தத்திலும் ஒட்டவில்லையென்றால் பேரிங் கரைகிறது. “எண்ணெய் விளக்கு எரியலையே” என்பதும் ஆறுதல் இல்லை. பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 பாருக்கு இறங்கினால்தான் அந்த விளக்கே எரியும்.

20டபிள்யூ-50 விஷமென்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ச் சூட்டுக்குக் கையேடு அனுமதித்தால் தாராளமாக ஊற்றலாம். சத்தத்துக்கு மருந்தாக ஊற்றுவதோடுதான் என் சண்டை. சின்ன நோய்களுக்கு அது மருந்தே இல்லை. மேலே கேட்கும் மெல்லிய டிக்-டிக் டேப்பெட்டாக இருக்கலாம். இந்த இன்ஜினில் குளிர்ந்த நிலையில் 0.4 மில்லிமீட்டர் வைத்துத் திருகினால் அடங்கிவிடும். வண்டி சூடானதும் தானாக மறையும் டிக்-டிக் என்றால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே புகை கசியும்போது எண்ணெய் என்ன செய்யும்?

கிராங்க் மாற்றி ஒரு வருடம் கழித்து மாமாவின் வண்டி மறுபடி தட்டியது. இந்த முறை நானும் போனேன், ஒரு கிழட்டுப் பொமெனிடம். தைப்பிங் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. “மழை விடட்டும்ங்க, இப்ப எதுவும் கேக்காது” என்று தேத்தண்ணி வாங்கச் சொன்னார்.

மழை விட்டதும் நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதெலும்பில் வைத்து, முனையைச் சம்பில் ஊன்றினார். தலையை ஆட்டினார். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டராக ஊன்றினார். அப்புறம் ஸ்பேனரை எடுத்து டீசல் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சமாகத் தளர்த்தி, உடனே இறுக்கிக்கொண்டே வந்தார். தளர்த்திய சிலிண்டரில் எரிப்பு நிற்கும். சத்தமும் நின்றால் குற்றவாளி அங்கேதான். பேரிங் தட்டலும் இந்தச் சோதனையில் குறையும், அதனால்தான் முதலில் சம்பைக் கேட்டேன் என்றார். (காமன் ரெயில் வந்த புது பிக்கப்புகளில் இதைச் செய்யவே கூடாது. அங்கே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

மூன்றாவது நட்டில் சத்தம் நின்றது. கழற்றிச் சோதித்தால் நோசில் ஒழுகுகிறது. 2024 ஜூனில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறிய நாள்முதல் வண்டி அதிகமாகக் குடிக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்த மாமா, வாயைத் திறக்காமல் நின்றார். நோசிலை மாற்றியதோடு வேலை முடிந்தது. எண்ணெயை வடிக்கக்கூட இல்லை.