பௌர்ணமியும் பஸ் பிரயாணமும்

மூன்று புறமும் மலை சூழ்ந்த ஊரில் பிறந்து, சூரியன் உதிப்பதும் மறைவதும் ஏதோ ஒரு குன்றின் முதுகுக்குப் பின்னால்தான் என்று எண்ணி வளர்ந்தவர்களுக்குக் கடலின்மேல் ஏற்படுகிற மோகத்தை, கடற்கரையிலேயே குடியிருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லி விளக்குவது கடினம். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குக்கூடக் கடலைக் காணும் பாக்கியம் அரிது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய பெரியாற்று நீரை, 1895-இல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பிவிட, அது லோயர் கேம்ப்பில் இறங்கி மின்சாரம் கொடுத்து, முல்லையாற்றோடு சேர்ந்து எங்கள் வயல்களில் நெல் விளைவித்து, வைகை அணையில் சற்றே இளைப்பாறி, மதுரைக்கும் ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்கும் பங்கு வைக்கப்பட்டு, பெரும்பாலும் உப்புக் காற்று மேலே படுமுன்பே தீர்ந்துபோகிறது. ஆகவே, "பிள்ளைக, பேரப்பிள்ளைக யாரும் வேணாங்க, நாம ரெண்டு பேரு மட்டும் கன்னியாகுமரிக்குப் போய்ட்டு வருவோம்" என்று என் மனைவி பிரஸ்தாபித்தபோது, அதை நான் அற்ப ஆசை என்று ஒதுக்கவில்லை. எப்பொழுது, எந்த வழியாக என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் விடை காண வேண்டியிருந்தது.

வழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து புறப்படும் விரைவுப் பேருந்துகளில் மிகுதியானவை சென்னையைக் குறிவைத்தவை. அந்தி சாயும் வேளையில் கிளம்பி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று மதுரையைத் தொடாமலே வடக்கே போய்விடுகிற அந்த வண்டிகளை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் 'திருவள்ளுவர் பஸ்' என்றுதான் சொல்லுகிறார்கள். அவற்றுக்கென 1980-இல் திருவள்ளுவர் பெயரால் தனிக் கழகம் அமைந்தது; 1997-இல் தென் மாவட்டத்துக் கலவரங்களையொட்டிப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்களை அரசாங்கம் ஒட்டுமொத்தமாக நீக்கியபோது, வள்ளுவரும் மற்றவர்களோடு சேர்ந்து இறங்க நேர்ந்தது. யாதொரு சண்டையிலும் சம்பந்தப்படாதவர் அவர் ஒருவர்தான் என்பது என் அபிப்பிராயம். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் என்ற புதுப் பெயர் பலகையில் ஏறியதே தவிர, எங்கள் நாக்கில் ஏறவில்லை.

கன்னியாகுமரியோ நேர் தெற்கே இருக்கிறது. அதற்குக் கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று வந்து, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து, உசிலம்பட்டி வழியாக மதுரை சேர்ந்து, அங்கே வண்டி மாற வேண்டும். இந்த மாறுதலில்தான் சிக்கல். தேனிப் பக்கத்து வண்டிகள் போய் நிற்பது ஆரப்பாளையத்தில். நாகர்கோவில், கன்னியாகுமரி வண்டிகள் புறப்படுவது ஊரின் மறுகோடியில், மேலூர்ச் சாலையில் உள்ள மாட்டுத்தாவணியில். இரண்டுக்கும் இடையே டவுன் பஸ்ஸில் பையும் கையுமாக மதுரை நகரத்தைக் குறுக்கே கடக்கிற சிரமம், இருநூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சமுள்ள மீதிப் பிரயாணத்தின் சிரமத்துக்கு ஏறக்குறைய நிகரானது. அந்தப் பஸ்ஸில் மட்டும் என் மனைவிக்கு ஒரு பெருமை உண்டு. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணம் கிடையாதாகையால், நடத்துநர் அவள் கையில் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பும்போது, அவள் என்னைப் பார்க்கிற பார்வையில் ஒரு ஜமீன்தாரிணியின் தோரணை தெரியும்.

ரயில் இல்லையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010-இன் முடிவோடு நின்றுபோன ரயில், 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்குமாகத் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் தண்டவாளம் கம்பத்துக்கு வரவில்லை. லோயர் கேம்ப் வரை ரயில் கேட்டு மனுக் கொடுப்பது எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிற ஒரு காரியம். ரயிலைப் பிடிப்பதற்கே பஸ்ஸில் போகவேண்டும் என்றால், ஏறிய பஸ்ஸிலேயே போய்விடுவது உசிதம்.

அடுத்தபடியாக, இரவா பகலா என்ற விவாதம். என் மைத்துனர் இரவுக் கட்சி. இரவில் ஏறித் தூங்கிவிட்டால் விடியும்போது கடல், ஒரு நாள் விடுதி வாடகையும் மிச்சம் என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு வருகிற விரைவு வண்டிகளில் பல, மதுரையைத் தொடுவது பின்னிரவில். அந்நேரத்தில் மாட்டுத்தாவணியில் இரண்டு கொட்டாவிகளுக்கு நடுவே ஏறி, ஒருவருக்கு முன்வரிசையும் ஒருவருக்குப் பின்சக்கரத்தின்மேலுமாக இடம் கிடைத்து, சூரியோதயம் காணப் புறப்பட்டவர்கள் வெயில் ஏறியபின் போய் இறங்குவதில் என்ன உல்லாசம் இருக்கிறது? மகனைப் பார்க்கச் சென்னைக்குப் போய்வருகிற எங்களுக்கு, வத்தலக்குண்டுக்கு அப்பால் உள்ள தமிழ்நாடு முழுவதும் இருட்டும், நள்ளிரவில் வண்டி நிற்கிற மோட்டலின் குழல்விளக்கும், அங்கே கொதிக்கிற பாலின் வாசனையுமாகத்தான் தெரியும். காரியமாகப் போகிறவனுக்கு இரவு வண்டி ஒரு வரப்பிரசாதம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஊர் பார்க்கப் போகிற தம்பதிகள் ஊர்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கடப்பது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலில் படுத்துத் தூங்கிவிட்டு வருவதற்குச் சமானம். பகலில் போனால் சாத்தூரும் கோவில்பட்டியும் நெல்லைச் சீமையும் காணக் கிடைக்கும். நாங்குநேரியைத் தாண்டியதும் மகேந்திரகிரி மலை கூடவே வரும். காவல்கிணற்றுப் பக்கத்தில் காற்றாலைகள் வானத்தைக் கடைந்துகொண்டிருக்கும்.

பகல் என்று தீர்மானமான உடனே, எந்தப் பக்கத்து இருக்கை என்ற கிளைப் பிரச்சினை எழுந்தது. தெற்கு நோக்கிப் போகிற வண்டியில் முற்பகல் வெயில் இடப்புறத்தில் அடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறத்தில் வரும். ஆகையால் நிழலுக்கு நிழலும் காட்சிக்குக் காட்சியுமாக வலப்புறமே சிலாக்கியம் என்று நான் சாஸ்திரோக்தமாக எடுத்துரைத்தேன். "மலையப் பாக்கவா இம்புட்டுத் தூரம் போறோம்? அதுதான் நம்ம வாசல்லயே நிக்கிதே!" என்று அவள் சொல்லிவிட்டாள். மேலும், மூன்று பேர் அமர்கிற வலப்பக்கப் பலகையில், எங்கள் இருவரோடு மூன்றாவதாக வருகிற ஆசாமி திருநெல்வேலி வரை என் தோளில் சாய்ந்து தூங்குவதற்கு அவள் சம்மதிக்கமாட்டாளாம். இருவர் இருக்கை இருப்பது வெயில் பக்கத்தில். வெயிலே ஆகட்டும் என்று முடிவாயிற்று.

இனி, எப்பொழுது என்பது. உத்தியோகஸ்தர்கள் விடுமுறைப் பட்டியலைப் பார்த்துப் பிரயாணம் நிர்ணயிப்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அணையைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். நீர்மட்டம் இடங்கொடுக்கிற ஆண்டுகளில் ஜூன் முதல் தேதி முதல்போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அன்றிலிருந்து நாற்றங்கால், உழவு, நடவு, அறுவடை, பிறகு இரண்டாம் போகம் என்று, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் அங்குல அளவு பாத்தியதை உள்ளவனும் ஊரைவிட்டு நகர முடியாது. திராட்சைக்காரர்கள் பாடு இதைவிட மோசம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பன்னீர் திராட்சை, ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடைக்கு நிற்கிறது என்று வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். அதன் பொருள், கவாத்து, மருந்தடிப்பு, வியாபாரியோடு விலை பேசுதல் ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் ஓய்வில்லை என்பதே. நான் நெல் கட்சியைச் சேர்ந்தவனாகையால், இரண்டாம் போகம் முடிந்து மறுபடி தண்ணீர் திறக்கும்வரை எனக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

அந்த அவகாசத்துக்குள் சித்ரா பௌர்ணமி வருகிறது. அன்று மாலை குமரிமுனையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் சந்திரன் எழுவதை ஒரே இடத்தில் நின்று தரிசிக்கலாம் என்பது நெடுநாளைய பிரசித்தி. அந்த நாளைத்தான் என் மனம் முதலில் நாடியது. ஆனால் அதே சித்ரா பௌர்ணமியன்றுதான், கூடலூருக்கு மேலே கேரள எல்லையில் இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயில், ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் பக்தர்களுக்குத் திறந்திருக்கும். இரு மாநிலத்துக் கலெக்டர்களும் முன்கூட்டியே கூடி ஏற்பாடு செய்கிற அந்த நாளில், பளியன்குடிப் பாதையில் மலையேறுகிற சுற்றத்தாரை விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் எதிர்த் திசையில் பஸ் ஏறினால் ஊர் என்ன பேசும்? பேச்சைப் பொறுத்துக்கொண்டாலும், நடுவே மதுரை இருக்கிறது. எங்கள் பெரியாற்று நீரும் கலந்த வைகை அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அதில் அழகர் இறங்குகிற திருநாளும் அதே பௌர்ணமியை ஒட்டித்தான். அன்றைக்கு ஆரப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போவதைவிட, அழகரோடு சேர்ந்து ஆற்றில் இறங்கிவிடுவது சுலபம்.

சித்திரை போகட்டும் என்று மற்ற பௌர்ணமிகளைப் பரிசீலித்தேன். வைகாசியில் விசாகத்துக்குத் திருச்செந்தூர்க் கூட்டம். பங்குனியில் உத்திரத்துக்கு நெல்லைச் சீமை முழுவதும் சாஸ்தா கோயில் தேடிப் புறப்பட்டுவிடும். தைப்பூசத்துக்குப் பழனிச் சாலையெல்லாம் பாதயாத்திரை. தமிழ்நாட்டில் பஸ்ஸில் இடம் கிடைக்கக்கூடிய பௌர்ணமி ஒன்றைக்கூட நம் முன்னோர்கள் மிச்சம் வைக்கவில்லை.

இதற்கும் மேலாகப் பத்திரிகையில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு செய்தியும் நினைவுக்கு வந்தது: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் குமரியில் கடல் நீர்மட்டம் தாழ்வதாலும், அலை சீறுவதாலும், விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் கழகத்தார் விடுகிற படகுகள் பல சமயம் தாமதமாகும் அல்லது நின்றுபோகும். சூரியனும் சந்திரனும் பூமியோடு ஒரே வரிசையில் நின்று இழுக்கிற நாட்களாகையால், அப்போது கடல் ஏறுவதும் அதிகம், இறங்குவதும் அதிகம். 1970-இல் திறந்த விவேகானந்தர் மண்டபத்தையும், அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைப் பீடமாகவும் பொருளும் இன்பமுமான 95 அதிகாரங்களை உருவமாகவும் அடிக்கணக்கிலே வைத்துக் கணபதி ஸ்தபதி சமைத்து, 2000 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவரையும், இவ்விரு பாறைகளையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர்க் கண்ணாடிப் பாலத்தையும் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்கா இத்தனை ஆலோசனை?

இந்த விவரங்களையெல்லாம் நான் விஸ்தாரமாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "நிலா நம்ம ஊருக்கும்தான் வருது. கடல்தான் வராது. கடலுக்குத் தோதான நாளாப் பாருங்க."

பார்த்தேன். கடல் அடங்கியிருப்பது அரைநிலா நாட்களில். அவையோ பஞ்சாங்கப்படி அஷ்டமியும் நவமியும். படகுக்கு நல்ல நாள் பயணத்துக்கு ஆகாத நாளாக இருக்கிறதே என்று நான் கையைப் பிசைய, என் மாமியார் தசமிக்கு இறங்கி வந்தார். வியாழக்கிழமை தெற்கே சூலமாகையால் அதை மட்டும் தவிர்க்க வேண்டும் என்றும், தவிர்க்க முடியாவிட்டால் பரிகாரத்துக்குத் தைலம் இருக்கிறதென்றும் ஒரு சலுகையும் கொடுத்தார். இறுதியில், பள்ளிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற, வண்டிகளில் சாய்ந்து உட்கார இடம் கிடைக்கிற, எந்தத் தெய்வத்துக்கும் விசேஷமில்லாத பங்குனி மாதத்துத் தசமி ஒன்று, வெள்ளிக்கிழமையாகவும் வாய்த்துத் தீர்மானமாயிற்று.

போகும்போது முன்பதிவு வேண்டாம்; மாட்டுத்தாவணியில் பகலில் தெற்கத்தி வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. திரும்பும்போதுதான் வேண்டும், புறப்படுகிற இடத்திலேயே ஏறுவதால் சேர்ந்தாற்போல் இரண்டு இருக்கையும் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் பஸ்ஸின் படத்தைக் காட்டி இரண்டு கட்டங்களைத் தொட்டுக் கொடுத்துவிட்டான். சாப்பாட்டு விஷயம் மட்டும் இன்னும் பைசலாகவில்லை. அவள் புளிச்சோறு கட்டிக்கொள்வதாக இருக்கிறாள். நானோ திருநெல்வேலியில் வண்டி நிற்கிற நேரத்தில் இறங்கி ஓர் ஓட்டலைப் பார்த்துவிட வேண்டும் என்றிருக்கிறேன். என்னை இறக்கிவிட்டு வண்டி போய்விட்டால் தான் ஒருத்தியாகவே கடலைப் பார்த்துவிட்டு வரப்போவதாக, இப்பொழுதே தெளிவாக அறிவித்திருக்கிறாள்.